முப்புரி இழை கண்ட அறிஞர் ஜி. என். இராமச்சந்திரன்

மஸ்கெலியா மலைகளிலே தென்மேல் பருவமழை தொடங்கிவிட்டால் சிறு புண்ணும் எளிதில் ஆறுவதில்லை. பெரட்டுக்குச் செல்வோர் அட்டைக்கு அஞ்சிக் காலிற் சுண்ணாம்பும் சவர்க்காரமும் பூசிக்கொண்டு மலையில் இறங்குவர். மாலையில் லயத்திற்கு மீளும்போது அவர்தம் கால்விரல் இடுக்கெல்லாம் நீரில் ஊறி வெளுத்திருக்கும். கவ்வாத்துக் காலமாயின் கத்தி தவறிக் கையிலோ காலிலோ படுவதும் உண்டு. காப்பித் தூளும் மஞ்சளும் அப்பிக் கந்தையாற் கட்டிவிடுவதே முதற் சிகிச்சை; தோட்ட வைத்தியசாலை அதன் பின்னரே நினைவுக்கு வரும்.

நாம் கீழ் வகுப்பிற் பயின்ற நாளில் எம்முடன் ஒரே வாங்கில் அமர்ந்திருந்த நண்பர் ஒருவரின் தந்தையார் கவ்வாத்துக் கத்தியால் முழந்தாளின் கீழே வெட்டுண்டார். புண் ஆறுவதுபோல் தோலிட்டது, பின்னர்ப் பிளந்தது, மறுபடியும் தோலிட்டது, மறுபடியும் பிளந்தது. ஓராண்டு கழிந்தபோது அவர் மலைக்குச் செல்லும் வலிமையை இழந்துவிட்டார். நண்பர் புத்தகங்களை எம்மிடம் ஒப்படைத்துவிட்டுத் தோட்டத்திற் பெயர் பதிந்தார். கணக்கில் அவர் எம்மினும் வல்லவர். புண் ஏன் ஆறுகின்றது, ஏன் ஆறாதொழிகின்றது என்னும் வினா அன்று எம் நெஞ்சில் தைத்தது. மலர்க்குழுவினர் மறைந்த பெரியார் ஒருவரின் வரலாற்றை எழுதித் தருமாறு எம்மைப் பணித்தபோது, புலவரையோ அரசியல் தலைவரையோ நாடாது, சென்னையிலிருந்து பணியாற்றிய பௌதிக விஞ்ஞானி ஒருவரைத் தெரிந்துகொண்டமைக்கு அதுவே காரணம். அவர் வைத்தியர் அல்லர். எவருடைய புண்ணுக்கும் மருந்திட்டவரும் அல்லர். ஆயினும் புண்ணை மூடும் பொருள் எவ்வாறு முறுக்கப்பட்டுள்ளது என்பதை உலகுக்கு முதலில் உணர்த்தியவர் அவரே.

ஜி. என். இராமச்சந்திரன் 1922ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 8ஆம் நாள் கொச்சி இராச்சியத்து எர்ணாகுளத்திற் பிறந்தார். பெயரின் முதலெழுத்து கோபாலசமுத்திரம் என்னும் ஊரைக் குறிப்பது. தந்தையார் நாராயண ஐயர் எர்ணாகுளம் மகாராஜாக் கல்லூரியிற் கணிதப் பேராசிரியராக இருந்து, பின்னர் அதன் அதிபராக உயர்ந்தவர். அவ்வீட்டிற் கணிதம் உணவோடு உணவாகப் பரிமாறப்பட்டது எனலாம். மைந்தர் திருச்சிராப்பள்ளித் தூய வளனார் கல்லூரியிற் பௌதிகம் பயின்று, 1942இற் சிறப்புப் பட்டம் பெற்று, அவ்வாண்டே பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்திற் சேர்ந்தார். சேர்ந்தது மின்பொறியியற் பகுதியில். ஆனால் அங்கே சி. வி. இராமன் இருந்தார். காந்தத்தின் அருகே வைத்த இரும்பு வேறெங்குச் செல்லும்? இளைஞர் பௌதிகத்துக்கு மாறினார், இராமனின் மாணாக்கரானார், 1947இல் விஞ்ஞான கலாநிதிப் பட்டமும் பெற்றார்.

அதன்பின் இரண்டாண்டு கேம்பிரிட்ஜ் கவெண்டிஷ் ஆய்வுகூடத்தில் வூஸ்டர் என்பாரின் கீழ் எக்ஸ் கதிர்களைக் கொண்டு பளிங்குகளை ஆராய்ந்து, 1949இல் அங்கும் கலாநிதிப் பட்டம் பெற்றுப் பெங்களூருக்கு மீண்டார். கேம்பிரிட்ஜிலே லினஸ் போலிங் என்னும் அமெரிக்க இரசாயன அறிஞரைக் காணும் வாய்ப்பு அவருக்குக் கிட்டியது. புரதங்களின் வடிவை அணுக்களின் அளவும் கோணமும் கொண்டு கணித்துவிடலாம் என்னும் துணிவு போலிங்கினுடையது. அத்துணிவு இவரையும் பற்றிக்கொண்டது என்றே நாம் கருதுகின்றோம்.

1952இற் சென்னைப் பல்கலைக்கழகத்திற் பௌதிகப் பகுதியைப் புதிதாக அமைக்க விரும்பிய துணைவேந்தர், வைத்திய மேதை ஏ. இலட்சுமணசாமி முதலியார், அதன் தலைமையை ஏற்குமாறு இராமனை வேண்டினார். இராமன் தாம் வர இசையாது தம் மாணாக்கரைக் காட்டினார். வயது முப்பதை எட்டும் ஒருவரைப் பேராசிரியராகவும் தலைவராகவும் ஏற்பதற்கு அக்காலத்துத் துணைவேந்தர் எத்தனை பேர் முன்வந்திருப்பர்? முதலியார் முன்வந்தார். இளம் பேராசிரியர் கிண்டியில் எக்ஸ் கதிர் ஆய்வுகூடம் ஒன்றை நிறுவினார். எதனை ஆராய்வது என்பதே எஞ்சியிருந்த வினா.

அவ் வினாவுக்கு விடை தந்தவர், சென்னைக்கு வந்திருந்த ஆங்கில விஞ்ஞானி பெர்னால். கொலாஜன் என்னும் புரதத்தின் அமைப்பு எவருக்கும் பிடிபடாமல் இருக்கின்றது என்று அவர் பேச்சோடு பேச்சாகச் சுட்டிக்காட்டினார். போலிங் உட்படப் பலர் அதற்கு மாதிரி உருக்களை முன்மொழிந்திருந்தனர். ஒன்றேனும் எக்ஸ் கதிர்ப் படங்களோடு பொருந்தி நிற்கவில்லை. இராமச்சந்திரன் அதனைப் பற்றிக்கொண்டார்.

கொலாஜன் யாது என்பதை இளைய மாணவர் பொருட்டுச் சிறிது விரித்துரைப்போம். நம் உடலிலுள்ள புரதத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு இதுவே. தோலுக்கு உறுதி தருவதும், தசையை எலும்போடு பிணைக்கும் நாண் ஆவதும், எலும்பினுள்ளே சுண்ணப் பொருள் படிவதற்குச் சட்டமாவதும், விழிவெண்படலமாகப் பரந்து நிற்பதும் இதுவே. எலும்பையும் தோலையும் நெடுநேரம் கொதிக்கவைத்தால் வழுவழுப்பான பசை உண்டாகின்றதன்றோ? அது முறுக்கு அவிழ்ந்த கொலாஜன். ஜெலற்றின் என்பது அதன் பெயர்.

உடலில் வெட்டுப் பட்டதும் முதலிற் குருதி உறைந்து வாயை அடைக்கின்றது. பின்னர் வெண்குருதி அணுக்கள் வந்து அழுக்கையும் கிருமியையும் அகற்றுகின்றன. இரண்டு மூன்று நாட்களில் நார் நெய்யும் உயிரணுக்கள் விளிம்புகளிலிருந்து ஊர்ந்து வந்து கொலாஜன் இழைகளை நெய்யத் தொடங்குகின்றன. முதலில் நெய்யப்படுவது மெலிந்த நூல். வாரங்களும் மாதங்களும் செல்லச் செல்ல அது களையப்பட்டு, வலிய நூல் அதனிடத்தைப் பெறுகின்றது. தழும்பு என நாம் காண்பது இந் நெசவையே. அது தறியிலிருந்து ஒருபோதும் இறக்கப்படுவதில்லை. வாழ்நாள் முழுவதும் பழைய இழை அழிந்தும் புதிய இழை நெய்யப்பட்டும் வருகின்றது. 1740 முதல் 1744 வரை உலகைச் சுற்றிவந்த அன்சன் என்னும் ஆங்கிலக் கடற்படைத் தலைவரின் கப்பலிற் பலர் பழமும் கீரையுமின்றிச் சொறிகரப்பான் என்னும் நோயுற்றனர். அவர்களுள் ஒருவருக்கு ஐம்பது ஆண்டுகளின் முன் போரிற் பட்டு ஆறிப்போன புண்கள் மீண்டும் வாய்திறந்தன என்று அப்பயண வரலாறு கூறுகின்றது. இழையை நெய்தற்கு விற்றமின் சி இன்றியமையாதது. அது இல்லையாயின் அழிவு மட்டும் நிகழும், நெசவு நிகழாது. வரட்சியில் மவுசாக்கலை நீர் வற்றும்போது 1969இல் அமிழ்ந்த பழைய மஸ்கெலியாவின் கோயிற் சுவர்கள் வெளித் தோன்றுவதைக் கண்டிருக்கும் நம்மவர்க்கு இது வியப்பாகத் தோன்றாது.

இனிக் கிண்டிக்கு மீள்வோம். ஆராய்ச்சிக்குத் தூய கொலாஜன் வேண்டும். அருகிலேயே 1948இல் நிறுவப்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இருந்தது. தோல் பதனிடுவோர்க்குக் கொலாஜனே மூலப்பொருள் ஆதலின் அவர்களிடம் அதற்குக் குறைவில்லை. அங்கிருந்து கங்காருவின் வாலிலுள்ள தசைநாண் கிடைத்தது. அந் நாணிலே இழைகள் ஒரே திசையில் ஒழுங்காகக் கிடப்பதால் அதன் எக்ஸ் கதிர்ப் படம் தெளிவாக அமையும். அனைத்துலகப் புகழ்பெற்ற கண்டுபிடிப்பொன்று தோற் கூடத்திலிருந்து பெற்ற ஒரு வால் நாணில் தொடங்கிற்று என்பதை நினைக்கும்தோறும் எமக்கு ஒருவகை மகிழ்ச்சி உண்டாகின்றது.

இவருடன் துணைநின்றவர் கோபிநாத் கர்த்தா என்னும் இளம் ஆராய்ச்சியாளர். இரசாயனப் பகுப்பு அவர்களுக்கு ஒரு தடயத்தைத் தந்தது. எவ்வகைக் கொலாஜனை எடுத்தாலும் அதன் அமினோ அமிலங்களில் மூன்றிலொரு பங்கு கிளைசின். அதாவது, எல்லாவற்றினும் சிறியது. பிறர் இதனைக் கண்டும் காணாதவாறு சென்றிருக்க, இராமச்சந்திரன் அதிலே ஒழுங்கொன்றை உய்த்துணர்ந்தார். மூன்றுக்கொன்று கிளைசின் வருவதாயின், சங்கிலியின் ஒவ்வொரு மூன்றாம் இடத்திலும் இடநெருக்கடி இருத்தல் வேண்டும். பெரிய அமிலம் அங்கே நுழைய இயலாது. அவ்வாறு நெருக்கடி எங்கே உண்டாகும்? மூன்று சங்கிலிகள் அருகருகே நின்று ஒரே அச்சை நோக்கும் நடுவிடத்தில். இக்கருத்தின்படி மூன்று திருகு சங்கிலிகள் இணைந்து நிற்கும் உருவை இருவரும் அமைத்து, 1954ஆம் ஆண்டு ஓகஸ்டு மாதம் நேச்சர் என்னும் இலண்டன் வெளியீட்டில் அறிவித்தனர்.

படத்தின் நுண்ணிய அளவுகள் அவ்வுருவோடு முற்றும் இசையவில்லை. இராமச்சந்திரன் ஓய்ந்தாரல்லர். மறு ஆண்டிலே, தனித்தனி திருகிய மூன்று சங்கிலிகளும் நேராக நில்லாது, ஒன்றையொன்று சுற்றி மறுபடியும் முறுக்குண்டு கிடக்கின்றன என்று திருத்தி வெளியிட்டனர். கயிறு திரிப்பவரைக் கண்டவர்க்கு இது விளங்கும்: ஒவ்வொரு புரியும் தன்னளவில் முறுக்கேறியது, மூன்று புரியும் கூடி எதிர்த்திசையில் முறுக்கப்படும்போதே கயிறு பிரியாது நிற்கும். கொலாஜன் மூலக்கூறு ஒன்றின் நீளம் ஏறக்குறைய 300 நானோமீற்றர், தடிப்பு 1.5 நானோமீற்றர். ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சம் கூறாக்கினால் ஒரு கூறே நானோமீற்றர். இத்துணை நுண்ணிய முப்புரிக் கயிறுகள் கோடிகோடியாக அடுக்கப்பட்டே நம் கால் நாண் ஒரு மூடைத் தேயிலையின் பாரத்தைத் தாங்குகின்றது.

அதே 1955இற் கேம்பிரிட்ஜிலிருந்து அலெக்ஸாண்டர் ரிச், பிரான்சிஸ் கிரிக் என்னும் இருவர் தம் உருவை வெளியிட்டனர். கிரிக் அதற்கு ஈராண்டின் முன் மரபணுப் பொருளின் இரட்டைத் திருகைக் கண்டு பெயர்பெற்றவர். மூன்று சங்கிலி என்பதும் முறுக்கு என்பதும் அவர்கள் உருவிலும் இருந்தன. ஆனால் சென்னை உருவில் அணுக்கள் சில அளவுக்கு மீறி நெருங்கி நிற்கின்றன என்றும், மூன்று அமிலத்துக்கு இரண்டு ஐதரசன் பிணைப்புகள் என்று சென்னையார் கொண்டது பிழை, ஒன்றே பொருந்தும் என்றும் அவர்கள் குறை கூறினர். மேனாட்டுப் பாடநூல்கள் பலவற்றிற் கொலாஜன் அமைப்பு நெடுங்காலம் கேம்பிரிட்ஜின் பெயராலேயே வழங்கிற்று. முதலில் மூன்று சங்கிலி என்று சொன்னவரின் பெயர் பின்னே தள்ளப்பட்டது. இது நேர்மையன்று என்பது எம் துணிபு.

இவ்விடத்தில் இராமச்சந்திரன் செய்ததே அவர் வரலாற்றின் உயிர்நிலை என்போம். அவர் பூசலிட்டுக் காலம் போக்கவில்லை. அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்பதை எவரேனும் அளந்து பார்த்தனரா என்று வினவினார். அதுவரை அமைப்புக் காணப்பட்டிருந்த பளிங்குகளின் அளவுகளையெல்லாம் திரட்டி ஆராய்ந்தபோது, கிரிக் முதலியோர் கொண்டதினும் கிட்டிய நெருக்கம் இயற்கையிலே உண்டு என்பது புலனாயிற்று. அவ்வாறாயின் எந்தப் புரதச் சங்கிலியும் எவ்வெக் கோணங்களில் மடங்கலாம், எவற்றில் மடங்க இயலாது என்பதைப் பொதுவாகவே கணித்துவிடலாமே! சி. இராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் என்னும் மாணாக்கர் இருவருடன், மேசைக் கணிப்பொறிகளைக் கொண்டு, இணைப்புகளை ஒவ்வொரு கோணமாகத் திருப்பித் திருப்பிக் கணக்கிட்டார். 1963இல் வெளியான அவ் வரைபடம் இன்று உலகெங்கும் இராமச்சந்திரன் வரைபடம் என வழங்குகின்றது. எங்கே எவர் புதிய புரதம் ஒன்றின் அமைப்பைக் கண்டாலும் அஃது இவ்வரைபடத்தின் எல்லையுள் அடங்குகின்றதா என்று சோதித்த பின்னரே ஏற்கப்படுகின்றது. கேம்பிரிட்ஜார் கூறிய குறையே சென்னைக்கு அதனினும் பெரிய பேற்றைத் தந்தது.

கொலாஜன் வழக்குக்குத் தீர்ப்பு 1994இல் வந்தது. அமெரிக்காவிற் கொலாஜனை ஒத்த சிறு சங்கிலிகளைப் பளிங்காக்கி அணு அணுவாக நோக்கினர். முப்புரி முறுக்கு உறுதியாயிற்று. மூன்று அமிலத்துக்கு நேரான ஐதரசன் பிணைப்பு ஒன்றே என்பதும் உறுதியாயிற்று. அவ்வளவிற் கேம்பிரிட்ஜார் கூற்றே மெய். ஆயினும் சங்கிலிகளைச் சூழ்ந்து நீர் மூலக்கூறுகள் பாலம் அமைத்து நிற்பதும் காணப்பட்டது. நீர்வழிப் பிணைப்பு உண்டென்று இராமச்சந்திரனும் அவர் குழுவினரும் 1960களின் இறுதியிலேயே எழுதியிருந்தனர். இரு சாராரும் பகுதி மெய் கண்டவர் என்பதே நடுநின்றார் கூறத்தக்கது.

இவையெல்லாம் அறிஞர் வாதம். புண்ணுற்றோர்க்கு இதனால் யாது பயன் என்று பழைய மாணவர் சிலர் வினவக்கூடும். கொலாஜனை மருந்தாக்குதல் புதிதன்று. ஆட்டுக் குடலிலிருந்து செய்யும் தையல் நூலை வைத்தியர் பண்டுதொட்டே கையாண்டனர். ஆனால் தோலிலிருந்து கொலாஜனைப் பிரித்து, படலமாகவோ பஞ்சாகவோ ஆக்கி, புண்ணின்மேற் பரப்பி, அதிலே நோயாளியின் உயிரணுக்களைக் குடியேறச் செய்வதாயின் அதன் முறுக்கைப் பற்றிய அறிவு வேண்டும். சூடு மிகுந்தால் முப்புரி அவிழ்ந்து வெறும் பசையாகும். முறுக்கு அவிழ்ந்ததை உடலின் நொதிகள் விரைவிற் கரைத்துவிடும். புரிகளுக்கிடையே குறுக்குப் பிணைப்பு இட்டால் நெடுநாள் நிற்கும். மிகையாக இட்டாலோ உயிரணு உள்நுழையாது. இந்த அளவறிதலே கலை. 1981இற் போஸ்டன் நகரிலே யானாஸ், பர்க் என்னும் இருவர், மாட்டுத் தோற் கொலாஜனையும் சுறாவின் குருத்தெலும்பிற் பெற்ற பொருளையும் சேர்த்து நுண்துளைப் படலம் ஆக்கி, அதன்மேல் சிலிக்கோன் தாள் ஒன்றை ஒட்டி, உடலெங்கும் தீப்பட்டோர்க்கு அணிவித்து உயிர்காத்த செய்தியை வெளியிட்டனர். பிரேசில் நாட்டில் இப்போது திலாப்பியா மீனின் தோலையே தூய்மையாக்கித் தீப்புண்மேற் போர்த்துகின்றனர். நம் நாட்டுக் குளங்களில் மலிந்த மீன் அது. சென்னைத் தோல் ஆராய்ச்சி நிலையமும் கொலாஜன் படலங்களை ஆக்கும் முறைகளைக் கண்டது. தீப்புண்ணின்மேல் அத்தகைய படலத்தை ஒருமுறை போர்த்திவிட்டால் நாள்தோறும் கட்டவிழ்க்கும் நோவு இல்லை என்பதே நோயாளிக்குப் பெரும் ஆறுதல். இவர்களெல்லாம் சென்னை உருவைக் கண்முன் வைத்துக்கொண்டே தொடங்கினர் என்று சொல்லுதல் மிகையாகும். பொருளின் முறுக்கு அறியப்பட்டிருந்தமையால் இருளில் துழாவவேண்டிய நிலை அவர்க்கு இல்லாதுபோயிற்று என்று சொல்லலாம்.

இராமச்சந்திரனின் எஞ்சிய வாழ்வைச் சுருங்க உரைப்போம். 1961இற் பட்நாகர் பரிசு பெற்றார். 1967இற் கொலாஜன் பற்றிய பெருந்தொகை நூலின் முதற் பகுதியைத் தொகுத்தளித்தார். முதலியார் 27 ஆண்டுப் பதவியை 1969இல் நீத்தபின், இவரும் சென்னையை விட்டுப் பெங்களூர் சென்று விஞ்ஞானக் கழகத்தில் மூலக்கூற்று உயிர்ப்பௌதிகப் பகுதியை அமைத்தார். சிகாகோப் பல்கலைக்கழகத்திலும் சிலகாலம் பணியாற்றினார். 1971இல் இலட்சுமிநாராயணன் என்னும் துணைவருடன் அவர் வெளியிட்ட கணித முறை, உடலைப் பல திசையில் எடுத்த எக்ஸ் கதிர் நிழல்களிலிருந்து உட்புற உருவை மீட்டமைக்க வழிகாட்டியது. இன்று பெரிய வைத்தியசாலைகளிலுள்ள குறுக்குவெட்டுப் படக் கருவிகளின் கணிப்பில் அதற்கு இடமுண்டு. 1977இல் இலண்டன் றோயல் சங்கம் அவரை அங்கத்தவராக ஏற்றது. நோபல் பரிசு மட்டும் வரவில்லை. முதுமையிற் சமணரின் சியாத்வாதம் என்னும் தருக்கத்தைக் கணிதக் குறிகளால் எழுதிக்காட்டுவதில் ஈடுபட்டார். உண்டு, இல்லை, உண்டும் இல்லையும் என்று விரியும் அத் தருக்கம், ஒரு பிணைப்பா இரு பிணைப்பா என்று அரை வாழ்நாள் வழக்காடியவரைக் கவர்ந்தமை பொருத்தமே.

இறுதிக் காலத்திற் பார்க்கின்சன் நோய் அவரைத் தளர்த்தியது. 1945இல் மணந்த துணைவியார் இராஜலட்சுமி அம்மையார் 1998இல் மறைந்தார். மறு ஆண்டிலே பளிங்கியல் அறிஞரின் அனைத்துலகச் சங்கம் ஏவால்ட் பரிசை அவருக்கு அளித்தது. 2001ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள், 78ஆம் வயதில், சென்னையிற் காலமானார்.

தோல் பதனிடுதலைப் பற்றி ஒன்று கூற மறந்தோம். தமிழ்நாட்டிற் பண்டுதொட்டு ஆவாரம் பட்டையிலும் கடுக்காயிலும் உள்ள துவர்ப்பொருளைக் கொண்டே தோலைப் பதனிட்டனர். அத் துவர் கொலாஜன் இழைகளைப் பிணைத்து, அழுகாமற் காக்கின்றது. சாயம் மிகுந்த தேநீரைப் பருகுங்கால் நாக்கு இறுகுவதும், கொழுந்து கொய்வோரின் விரல்கள் கறுத்துத் தடிப்பதும் அதனோடு உறவுடைய பொருள்களாலேயே. தேயிலையின் இத் துவர்ப்பொருள்கள் கொலாஜனைக் கரைக்கும் நொதியைத் தடுத்து நிறுத்துகின்றன என்று 2007இற் சோதனைகளை வெளியிட்டவர்கள் சென்னைத் தோல் ஆராய்ச்சி நிலையத்தார். இராமச்சந்திரனுக்குக் கங்காருவின் வால் நாணைக் கொடுத்த இடமும் அதுவே.